தையலம்மாளை மனப்பாடம் செய்த காலை

— தப்பு. மறுபடியும் தப்பு, யக்கா. பேரு இன்னான்னு கேட்டா காசம்மான்னு சொல்ற. இன்னிக்கி சாயங்காலம் வரைக்கும் நீ காசம்மா இல்ல.

— பொறந்ததுலேருந்து அந்தப் பேருதானடா சிங்காரம். ஒரு காலைக்குள்ள கழட்டி வைக்க அது இன்னா காது கம்மலா?

— வெளையாடாத. வண்டி ஏரிக்கரை தாண்டறதுக்குள்ள நெட்டுரு போட்டுடணும். எங்கூடவே சொல்லு. பேரு தையலம்மாள். புருஷன் பேரு பலராமன். வயசு நாப்பத்தஞ்சு. ஊரு பனம்பட்டு, கீழத்தெரு. பட்டியல்ல நம்பரு நூத்து முப்பத்தெட்டு. புள்ளைங்க மூணு. அவ்ளோதான், சுளுவு.

— பேரு தையலம்மாள். புருஷன் பலராமன். வயசு நாப்பத்தஞ்சு. நம்பரு... நூத்து எம்பத்து மூணு?

— முப்பத்தெட்டு!

— எல்லாம் அதே நம்பருங்கதானடா. எடம் மாறி ஒக்காந்துகினு இருக்கு.

— எடம் மாறினா ஆளே மாறிடும் யக்கா. நூத்து எம்பத்து மூணுன்றது ஒரு ஆம்பளை. இவ்ளோ பெரிய மீசை வச்சவரு.

— அப்ப அவரு பேர்ல என்னைப் போவச் சொல்லாம இருந்தியே, அந்த மட்டும் புண்ணியம்.

— மறுபடியும் சொல்லு. நூறு தபா சொன்னா தானா வந்துடும். பள்ளிக்கூடத்துல எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. ஒரு தப்புக்கு ஒரு பிரம்படி.

— அதான் நீ இவ்ளோ அறிவா இருக்க. டேய், வெளையாட்டு போதும். செத்துப்போன பொம்பளை பேர்ல நான் போயி ஓட்டுப் போடணும்ன்ற. மாட்டினா இன்னா பண்ணுவாங்க?

— சிப்பாய் புடிச்சிகினு போயி உள்ள வைப்பான்.

— எம்மாடி! கடலூர்லேருந்து தம்பிக்கு நாலு கருவாடு குடுத்துட்டுப் போலாம்னு வந்தவளை ஜெயிலுக்கு அனுப்பறியே! நான் இருக்கறது இங்கிலீஷ்காரன் ஊரு. பிரெஞ்சுக்காரன் ஊரு ஓட்டுல எனக்கு இன்னாடா வேலை?

— அதான் யக்கா விசேஷமே. இந்தப் பக்கத்துல ஒரு ஆளுக்கும் ஒன் மொகம் தெரியாது. போன தபா எங்க மிராசுதார் மூணு ஓட்டுல தோத்தாரு. மூணே மூணு. இந்த தபா பட்டியல்ல பனம்பட்டுல செத்தவங்க பேரு ஏழு அப்படியே கெடக்கு. அந்த ஏழும் நமக்கு வுழுந்தா அவரு ஊருக்கே தலைவரு, மேர் ஆயிடுவாரு. அவரு மேர் ஆனா எனக்கு அவரு ஆபீஸ்ல, அதான் அந்த மேரியில, சேவகர் வேலை. காக்கி கோட்டு. நெஞ்சுல பித்தளை வில்லை. நான் போறப்ப ஊரே வழி வுடும்.

— ஆறு வருஷமா அந்த ஆளுக்குக் கொடை புடிச்சிகினு திரியற. ஒரு வேட்டி வாங்கிக் குடுத்திருக்காரா?

— அதுக்கெல்லாம் சேத்துத்தான் இப்பக் குடுக்கப் போறாரு. வாயாலயே சொல்லிட்டாரு, ஏழையும் போட்டுக் குடுடா சிங்காரம், வில்லை ஒனக்குத்தான்னு. என் பொழப்பு ஒன் நாக்குல தொங்குது யக்கா. சொல்லு. புருஷன் பேரு?

— பலராமன். பலராமன், பலராமன், பலராமன். எவனோ ஒருத்தன் பேரு, எனக்குச் சொல்றதுக்கு இன்னா? வண்டி ஓட்டறவரு கூட சிரிக்கிறாரு பாரு.

— அவருதான் யக்கா பலராமன்.

— யாரு?

— தையலம்மாளோட வூட்டுக்காரு. வண்டியும் அவருதுதான்.

— ஐயய்யோ! இதை மொதல்லயே சொல்றதில்லையா, பாவி! மனுஷன் முதுகுக்குப் பின்னாடி ஒக்காந்துகினு, மாடு வாங்கறவ மாதிரி அவரு பேரைக் கூவிகினு வந்தேனே! அண்ணே, மனசுல வச்சிக்காதீங்க.

— அது வந்து... இருக்கட்டும் தாயி. இருவத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணா, ஒரு தபா கூட என் பேரைச் சொன்னதில்ல அவ. ஒரு பொம்பளை வாயால கேக்க நல்லாத்தான் இருக்குது.

— நீங்க எப்படிண்ணே இதுக்கு ஒத்துக்கினீங்க?

— மிராசுதார் நெலத்துல குத்தகை பண்றேன். கேட்டாரு, சரின்னேன். அவருகிட்ட வேற இன்னா சொல்ல முடியும்? இன்னொன்னும் இருக்குது தாயி. போன வருஷம் பொம்பளைங்களுக்கும் ஓட்டுன்னு சொல்லி, பேரு எழுதிக்க மேரியிலேருந்து ஆளு வந்தாரு. நான் அவ பேரைச் சொல்லப் போனேன். 'நீ சும்மா இரு, என் பேரை நானே சொல்லிக்கறேன்'னு முன்னாடி வந்து நின்னுட்டா. மூணு நாளு வூட்டுல அதே பேச்சு. ஐப்பசியில காய்ச்சல் கண்டுது, போயிட்டா. ஒரு தபாவாவது சபையில அவ பேரைக் கூப்புடட்டும்னு ஒரு ஆசை. அவ்ளோதான்.

— டேய் சிங்காரம்.

— இன்னா யக்கா?

— நீ கொஞ்சம் வாயை மூடு. அண்ணே, நீங்க சொல்லுங்க. நம்பரு, வயசு, தெருவுன்னு இவன் மூட்டை மூட்டையா என் தலையில ஏத்தறான். ஒன்னு ஏத்தினா ஒன்னு எறங்கி ஓடுது. அவங்க எப்படி இருப்பாங்க? கோவக்காரியா? வெத்திலை போடுவாங்களா?

— யக்கா, அதெல்லாம் எவன் கேக்கப் போறான்? எதிராளி கடைக்கார நாகராஜன் புதுச்சேரியிலேருந்து ஒரு கண்ணாடிக்காரனைக் கூட்டியாந்து மேசையில ஒக்கார வச்சிருக்கான். சந்தேகப்பட்டா தோண்டித் தோண்டிக் கேக்கறானாம். நம்பரு, புருஷன் பேரு, புள்ளைங்க எத்தினி, இதான் கேப்பான். இதை நெட்டுருப் போடுறதை வுட்டுட்டு...

— போன மாசம் எங்க நாத்தனார் வூட்டுக் கல்யாணம். எத்தினி பந்தி, யாரு யாரு எந்தப் பந்தியில ஒக்காந்தாங்க, எவளுக்கு அப்பளம் வரலைன்னு மொறைச்சிக்கினா, எல்லாம் சொல்றேன், கேக்கறியா? அதை எத்தினி தபாடா நெட்டுருப் போட்டேன்? ஒரு தபா கூட இல்ல. அந்த அப்பளம் வராதவளை எனக்குத் தெரியும், அதான்.

— தம்பி, தாயி சொல்றதுல இருக்குது. வலது பக்கம் போவுதே, இந்தச் செவலை, இதை வாங்கியாந்தப்ப களத்து மேட்டுக்கு வழி தெரியாது. நான் அடிச்சி ஓட்டல. ஒரு தபா கூட நடந்தேன். மறுநாளு கயித்தைத் தளர வுட்டுட்டுப் பின்னாடி போனேன். தப்பா திரும்புனா நின்னுடுவேன். நான் நின்னா அதுவும் நிக்கும், மொகத்தைத் தூக்கி அங்க இங்க பாக்கும், அப்பறம் தானா சரியா திரும்பும். நாமளே இழுத்துகினு போனா அதுக்கு நம்ம கையிதான் தெரியும், வழி தெரியாது.

— மாமா, எங்கக்காவை மாடுன்றீங்களா?

— சொல்லட்டும்டா. ஒன்னைவிட மாடு மேல. அண்ணே, வூட்டுலேருந்து ஆரம்பிங்க. நான் இப்ப ஒங்க வூட்டு வாசல்ல நிக்கிறேன். இன்னா தெரியுது?

— அது வந்து... தெக்கப் பாத்த வூடு. நடையில கவுத்துக் கட்டில். அதுல நான் படுத்துகினு இருப்பேன், ஒருத்தன். தாண்டி உள்ள போனா கூடத்துல புள்ளைங்க மூணு. பெரியவ வள்ளியம்மை, இப்ப திருவாண்டார்கோயில்ல வாக்கப்பட்டிருக்கா. அடுத்தவ கனகாம்பாள், அம்மாக்காரி மாதிரியே வாயி. கடைசிப் பையன் சின்னப்பிள்ளை, எப்பப் பாத்தாலும் மூக்கு ஒழுவும். அவனையும் தாண்டி கொல்லைக்குப் போனா ஆடு எட்டு. ஆடுங்கன்னா அவளுக்கு உசிரு. ஒவ்வொன்னுக்கும் ஒரு பேரு வச்சிருந்தா. என்னைத்தான் பேரு சொல்லிக் கூப்புடல.

— நடையில ஒருத்தரு. கூடத்துல மூணு. கொல்லையில எட்டு. டேய் சிங்காரம்! நூத்து முப்பத்தெட்டு!

— அட!

— இனிமே எவனாலயும் அதைத் திருப்பிப் போட முடியாது. எட்டு ஆட்டைக் கூடத்துல கட்டுவாளாடா எவளாச்சும்? வூடு நாறிப் போவாது?

— அட யக்கா! சுளுவா இருக்கே! சரி இப்ப முழுசாச் சொல்லு, பாக்கலாம்.

— இப்பக் கேக்காத தம்பி. அந்த வாய்க்கா பாலம் தாண்டட்டும். கொஞ்சம் மறக்க வுட்டுக் கேக்கணும். மறந்து, தேடி எடுத்தாதான் தங்கும்.

— மறக்க வுடறதா? எங்க வாத்தியாரு இதைக் கேட்டா தூக்குப் போட்டுக்குவாரு.

— அதுவரைக்கும் நீங்க சொல்லுங்கண்ணே. கோவம் வந்தா இன்னா பண்ணுவாங்க?

— திட்டமாட்டா. பேசாம வந்து எதிர்ல ஒக்காந்துக்குவா. நாம தப்பை ஒத்துக்கற வரைக்கும் எழுந்திருக்க மாட்டா. ரெண்டு வருஷம் முன்னாடி மதகு மேல ஒக்காந்தா பாரு, அப்படி.

— மாமா, அது வேணாம்.

— எந்த மதகு?

— யக்கா, நேரமாவுது. வுடு.

— நீ இன்னாடா திடீர்னு வேட்டியை இழுத்துவுட்டுக்கற? அண்ணே, எந்த மதகு?

— ஏரித் தண்ணி எங்க வாய்க்காலுக்கு வர்ற மதகு, தாயி. பனம்பட்டு வயலெல்லாம் கடைமடை. எங்க மொறைக்குத் தண்ணி வர வேண்டிய நாள்ல, மேல இருக்கற கரும்புக்குத் திருப்பிவுட்டுட்டு பலகையைப் போட்டு மூடிட்டாங்க. நாத்து வெளுத்துப் போச்சு. ஆம்பளைங்க நாங்க போயி கையைக் கட்டிகினு நின்னுட்டு வந்தோம். இவ சட்டிப் பானையைத் தூக்கிகினு போயி மதகு மேலயே ஒக்காந்துட்டா. அங்கயே கஞ்சி காச்சினா, அங்கயே குடிச்சா. ரெண்டு பகலு, ஒரு ராத்திரி.

— எம்மாடி! யாரு கரும்பு அது?

— யக்கா, அந்தப் பாலம் வந்துடுச்சி பாரு!

— யாரு கரும்புன்னு கேட்டேன்.

— மிராசுதார் கரும்புதான், தாயி. அவளை எழுப்பி அனுப்பறதுக்கு ஒரு ஆளை அனுப்பினாரு. வெள்ளை வேட்டி, தலைக்கு எண்ணெய், கையில கொடை. வந்து அதிகாரம் பண்ணான். இவ ஒன்னுமே பேசல. கீழ குனிஞ்சா, ரெண்டு கையாலயும் சேத்தை வாரினா.

— சிங்காரம்.

— இன்னா?

— அந்த வேட்டி யாருதுடா?

— புது வேட்டி யக்கா அது. நாலு தபா வெளுக்கப் போட்டும் போவல.

— அடப் போடா! ஐயோ, வயிறு வலிக்குது! அண்ணே, வண்டியை மெதுவா ஓட்டுங்க, நான் சிரிச்சி முடிச்சிக்கறேன். தையலம்மா, நீ நல்லா இருக்கணும்! நான் பண்ணணும்னு ஆறு வருஷமா நெனச்சதை நீ பண்ணிட்டியே!

— சிரி, சிரி. கூடப் பொறந்தவ மாதிரியா இருக்க?

— அப்பறம் இன்னாண்ணே ஆச்சி? தண்ணி வுட்டாரா?

— வுடல, தாயி. நாத்து காஞ்சிது. அந்த வருஷம் முழுக்கக் கேவுரு தின்னோம். ஆடு எட்டுல அஞ்சு போச்சி, மறுபடியும் எட்டாக்க அவளுக்கு ஒரு வருஷம் ஆச்சி. அவ ஒன்னும் சொல்லல. காஞ்ச நாத்துல ஒரு புடி எடுத்தாந்து எறவாணத்துல சொருகி வச்சா. அவ்ளோதான்.

— யக்கா, இந்தப் பக்கம் திரும்பு. பாலம் தாண்டியாச்சி. கேக்கட்டுமா? இந்தா, நான்தான் கண்ணாடிக்காரன். ஏம்மா, பேரு இன்னா?

— தையலம்மாள். எழுதிக்கினு போனீங்களே, நானே சொன்னேனே, அப்பறம் இன்னா?

— ஆ! நம்பரு?

— நூத்து முப்பத்தெட்டு.

— எந்த ஊரு? வயசு?

— பனம்பட்டு, கீழத்தெரு. நாப்பத்தஞ்சு. பெரிய பொண்ணு வள்ளியம்மை, சின்னவ கனகாம்பாள், பையன் சின்னப்பிள்ளை. அவனுக்கு மூக்கு சிந்திவுட்டுட்டு வந்தேன்.

— யக்கா! யக்கா! தங்கம் யக்கா நீ! சரி, புருஷன் பேரு?

— ...

— புருஷன் பேரு யக்கா! இவ்ளோ நேரம் கூவிகினு வந்தியே!

— சொல்ல மாட்டேன்.

— இன்னாது?

— எவளாச்சும் கட்டினவன் பேரைச் சொல்லுவாளா? அதுவும் ஊரான் எதிர்ல?

— அவரு ஒன் புருஷன் இல்ல யக்கா!

— அது எனக்குத் தெரியும்டா. வாயி வரமாட்டேன்னுது. அண்ணே, பத்திரம் கித்திரம் எழுதறப்ப கேப்பாங்களே, அப்ப அவங்க இன்னா பண்ணுவாங்க?

— ஒரு தபா கேட்டாங்க தாயி. 'கிருஷ்ணருக்கு அண்ணன், கலப்பை வச்சிருப்பாரே, அந்தச் சாமி பேரு'ன்னா. எழுதறவருக்குப் புரியல. 'இந்தச் சாமியே தெரியாதவன் கையில எதுக்குப் பேனாவைக் குடுத்தாங்க'ன்னுட்டா.

— ஹா! அதான், அப்படித்தான் சொல்லுவேன்.

— கணீர்னு பலராமன்னு சொல்லு யக்கா! மழுப்பினா சந்தேகப்படுவான்! சொல்றதைக் கேளு!

— நீ சொல்லிக் குடுத்து எனக்கு எதுடா வந்துது இதுவரைக்கும்?

— சரி, அது ஒன் பாடு. மாமா, ஒரு யோசனை. தோப்பு வந்துடுச்சி பாருங்க, அங்க மத்த ஆறு பேரும் ஒக்காந்துகினு இருக்காங்க. மூணு நாளா நெட்டுருப் போடறானுங்க, ஒருத்தனுக்கும் அப்பன் பேரு கூட நிக்கல. நேத்து ஒருத்தன் கேட்ட கேள்விக்கெல்லாம் வயசையே சொல்றான். செத்துப்போன அந்த ஆறு பேரையும் ஒங்களுக்குத் தெரியுமில்ல?

— தெரியாம? ஆறு பேரைத் தூக்கனதுலயும் ஒரு தோளு என்னுது.

— அப்ப எங்கக்காவுக்குச் சொன்ன மாதிரியே அவங்களுக்கும் சொல்லுங்க. நம்பரு மட்டும் இல்ல. எப்படி வாழ்ந்தாங்க, எதுக்குச் சிரிச்சாங்க, எதுக்கு அழுதாங்க, யாருகூட சண்டை, எல்லாம். ஒன்னு வுடாம.

— ஒன்னு வுடாமயா தம்பி? யோசிச்சிச் சொல்லு.

— இன்னா யோசனை? ஒன்னு வுடாம சொல்லுங்க மாமா. என் வில்லை ஒங்க கையிலதான் இருக்குது.

* * *

— யக்கா! இங்க, புளிய மரத்தாண்ட! வா, வா. ஒக்காரு. எளநி வாங்கி வச்சிருக்கேன். இன்னா ஆச்சி? உள்ள போயி இவ்ளோ நேரமா?

— இரு, மூச்சு வாங்கட்டும்.

— கண்ணாடிக்காரன் கேட்டானா?

— கேட்டான், கேட்டான். எனக்கு முன்னாடி ரெண்டு பொம்பளைங்க. மொதல் பொம்பளையைப் புருஷன் பேரு இன்னான்னான். அவ கணீர்னு சொன்னாடா, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சான். 'இந்தப் பக்கத்துல எந்தப் பொம்பளைம்மா புருஷன் பேரைக் கடையில உப்பு கேக்கற மாதிரி சொல்றா? அப்படி ஓரமா நில்லு'ன்னுட்டான். ரெண்டாவது பொம்பளையும் அப்படியே சொன்னா. அவளும் ஓரம்.

— ஐயோ! அது பக்கத்தூரு செத்தவங்க பேர்ல பக்கிரி கூட்டியாந்த ஆளுங்க! அந்தப் பக்கிரியும் மிராசுதாருக்கு ஆள் புடிக்கறவன்தான், எனக்குப் போட்டியா அதே வில்லைக்கு அலையறான். கணீர்னுதான் சொல்லிக் குடுத்திருப்பான், முட்டாப் பய! அப்பறம், ஒன்னை?

— என்னைக் கேட்டான். எனக்கு வெக்கம் புடுங்கித் தின்னுது. முந்தானையை வாயில வச்சிக்கினேன். நெசமாதான்டா, நடிக்கல. கிருஷ்ணருக்கு அண்ணன், கலப்பை வச்சிருப்பாரேன்னேன். மேசையில இருந்த தொரைக்குப் புரியல, கண்ணாடிக்காரன் அவருக்குப் பிரெஞ்சுல சொல்றான். 'இன்னும் எத்தினி நேரம் நிக்க வைப்பீங்க, கொல்லையில ஆடு கத்துது'ன்னேன். சபையே சிரிச்சிது. கண்ணாடிக்காரனும் சிரிச்சிட்டு, இவங்க சரியான ஆளுதான்னு சொல்லிட்டான்.

— யக்கா, ஒன் காலைக் குடு!

— எந்திரிடா, ஊரு பாக்குது. அப்பறம் எழுத்தரு எழுந்து நின்னு கூப்ட்டாரு. 'தையலம்மாள்!'னு. நல்லா சத்தமா. வெளிய மரத்தடி வரைக்கும் கேட்டிருக்கும்.

— கேட்டுது தாயி. நான் கேட்டேன்.

— நீங்களும் வந்துட்டீங்களாண்ணே? ஒக்காருங்க. கண்ணைத் தொடைச்சிக்கோங்க.

— தூசி, தாயி.

— மாமா, அந்த ஆறு பேரு?

— ஆறும் போயிட்டு வந்தாச்சி தம்பி. ஒருத்தரும் மாட்டல.

— ஆறுமா?

— செவிட்டு உலகநாதன் பேர்ல போனானே, அவனை எழுத்தரு நாலு தபா கூப்ட்டும் திரும்பிப் பாக்கல. தொரையே எழுந்து வந்து தோளைத் தொட்டுக் கூட்டிகினு போனாரு. எனக்கே ஒரு நிமிசம் உலகநாதன்தான் வந்துட்டானான்னு ஆயிடுச்சி.

— ஏழு! ஏழும் வுழுந்துடுச்சி! மிராசுதார் மேர்! யக்கா, வர்ற பொங்கலுக்கு நீ வர்றப்ப தம்பி காக்கி கோட்டுல நிப்பான். நெட்டுருப் போடு நெட்டுருப் போடுன்னு மூணு நாளா கத்தினேன் பாரு, நான் ஒரு மடையன். கதையாச் சொன்னா போதும், ஆளு அப்படியே உள்ள எறங்கிடறான். இந்த வித்தையைக் கண்டுபுடிச்சதுக்கே எனக்கு ஒரு வில்லை குடுக்கலாம்.

— கண்டுபுடிச்சது நீயாடா?

— செரி, நாம மூணு பேரும். அப்பறம் தட்டிக்குப் பின்னாடி போயி, காலைல நான் குடுத்த, மிராசுதார் பேரு போட்ட சீட்டை உறையில வச்சி பொட்டியில போட்டுட்ட. அவ்ளோதான், சுளுவு.

— உறையைப் பொட்டியில போட்டேன்.

— சீட்டை வச்சிதான?

— சீட்டு வச்சிதான். நீ குடுத்தது இதோ, மடியிலயே இருக்குது. இந்தா.

— ...இது எப்படி ஒன் மடியில இருக்குது? அப்ப உறைக்குள்ள இன்னா வச்ச?

— மேசை மேல ரெண்டு அடுக்கு இருந்துது, ரெண்டுலயும் ஒன்னு எடுத்துகினுதான் தட்டிக்குப் பின்னாடி போவணும்னாங்க. ஒன்னு நீ குடுத்த மாதிரியே இருந்துது. அப்ப இன்னொன்னு அந்தக் கடைக்காரருதுதான? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னாலும் அது கூடவா தெரியாது?

— யக்கா! நாகராஜனுக்கா போட்ட?

— கத்தாத. நானும் ஒன் சீட்டைத்தான் கையில எடுத்துகினு தட்டிக்குப் பின்னாடி போனேன். ஆனா இப்பத்தான் என் பேரைக் கூப்ட்டிருக்காங்க, சபை நடுவுல. கூப்ட்டதுமே அந்த நாத்து கண்ணுல வந்து நிக்குது. என் வயல் இல்ல. நான் பாத்தது கூட இல்ல. ஆனா நெஞ்சு எரியுதுடா. அந்த ஆளு பேரை உறைக்குள்ள வைக்க கையி போவல.

— நான் ஒன் தம்பி யக்கா! கூடப் பொறந்தவன்!

— காசம்மாவுக்கு நீ தம்பி. காசம்மா ஒனக்காக ஜெயிலுக்குக் கூடப் போவா. ஆனா உள்ள போனது தையலம்மா. அவளுக்கு நீ யாரு? மதகுல வந்து வெரட்டினவன்.

— என் வில்லை...

— வில்லை போனா போவுது. ஒன்னு கேக்கறேன், நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. கடைமடைக்குத் தண்ணி வுடாதவன் ஒனக்கா வேலை குடுத்துடப் போறான்? நாளைக்கே கோட்டை அந்தப் பக்கிரிக்கு மாட்டிவுட்டுட்டு, ஒங்கையில மறுபடியும் கொடையைக் குடுப்பான். எனக்கு ஆறு வருஷமா இதான்டா வயித்தெரிச்சல். எங்கூட வா. கடலூர்ல எங்க வூட்டுக்காருக்குச் சவுக்குத் தோப்புல ஆளு வேணும். நிமுந்து நடக்கலாம்.

— நீ ஒன்னும் பேசாத. இரு, யோசிக்க வுடு. ஒன்னு போச்சி. எதிராளிக்கு ஒன்னு கூடிச்சி. போவட்டும். ஒரு ஓட்டுல ஒலகம் முழுவிடாது. இன்னும் ஆறு இருக்குது. ஆறும் மாட்டாம பொட்டிக்குள்ள போயிருக்குது. அஞ்சு இருந்தாலே போதும் நமக்கு. ஆங்! மிராசுதாருகிட்ட இந்த ஒன்னை மட்டும் சொல்லாம வுட்டுட்டா... மாமா, நீங்க எதுக்குச் சிரிக்கிறீங்க?

— சிரிக்கலையே.

— சிரிக்கிறீங்க. மாட்டைத் தடவற சாக்குல அந்தப் பக்கம் திரும்பிகினு சிரிக்கிறீங்க. மாமா... அந்த ஆறு பேருக்கு இன்னா சொல்லிக் குடுத்தீங்க?

— அது வந்து... நீ சொன்னபடிதான் தம்பி, ஒன்னு வுடாமச் சொன்னேன். செத்த ஏழு பேரு நாத்தும் அந்த ஒரே மதகுக்குக் கீழதான காஞ்சிது.